வதனாவின் இடது கை

லண்டனில் டூட்டிங் பக்கம் மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்த பெண்களுக்கு, பலகையில் சிறு அம்பு எறிகிற டார்ட்ஸ் அணி ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் பக்கத்துப் பப்பில் விளையாடுவார்கள். நான்கு பேர் இருந்தால்தான் ஆட்டம். ஒரு செவ்வாய் ஒருத்திக்குக் காய்ச்சல். அணித் தலைவி மொரீன், பக்கத்து மேசையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த சந்திரவதனாவிடம், "நீ சும்மா வந்து நின்றால் போதும். எறிந்தது எங்கே விழுந்தாலும் பரவாயில்லை," என்றாள்.

சந்திரவதனாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா, அம்மா, அக்காவோடு வந்து மோர்டனில் குடியேறியவள். பப்புக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. ஆரஞ்சு ஜூஸ் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தரையில் ஒட்டியிருந்த கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பலகை ஏழடி ஒன்பதேகால் அங்குலத் தூரத்தில் இருந்தது. முதல் மூன்று அம்புகளில் ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. மற்ற இரண்டும் இருபதாம் எண்ணில் குத்தி நின்றன. மொரீன் சிரித்தாள். அடுத்த மூன்றும் இருபதிலேயே நின்றபோது அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, சந்திரவதனாவின் முழங்கையைப் பார்த்தாள்.

"உன் முழங்கை அசையவே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"ஒருவரும் இல்லை," என்றாள் சந்திரவதனா.

ஆட்டம் அவளுக்கு உடனே பிடித்துப்போனது. ஐந்நூற்றொன்றில் தொடங்கி, ஒவ்வொரு அம்பும் விழுந்த எண்ணைக் கழித்துக்கொண்டு வந்து, சரியாகப் பூச்சியத்தில் முடிக்கவேண்டும். கடைசி அம்பு பலகையின் ஓரத்தில் இருக்கிற, எண்ணை இரண்டு மடங்காக்குகிற மெல்லிய இரட்டை வளையத்துக்குள் விழவேண்டும். அந்த வளையம் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. எந்த எண் மிச்சமிருந்தால் எதை எறிவது என்பதை விரிப்பு மடித்தபடியே மனப்பாடம் செய்தாள். மூன்று மாதத்தில் அந்த அணியில் அவளை விட்டுவிட்டு யாரும் ஆட்டத்தைத் தொடங்கவில்லை.

அவளுடைய கணவன் ரதீசன் 93ஆம் இலக்க பஸ் ஓட்டுகிறவன். மோர்டனுக்கும் பட்னிக்கும் இடையே நாள் முழுக்கப் போய்வருகிறவனுக்கு வீட்டில் அமைதி வேண்டும். ஆனாலும் அவள் கேட்டபோது சமையலறைச் சுவரில் பலகையை அவனே பூட்டிக் கொடுத்தான். "சுவர் பழுதாப்போனா வாடகை வாங்கிற கவுன்சிலுக்குப் பதில் சொல்லுறது நீர்தான்," என்றதோடு சரி.

இருபத்தொன்பது வயதில் அவள் சரே மாவட்டத்துக்காக விளையாடினாள். முப்பத்திரண்டில் இங்கிலாந்துச் சட்டை போட்டாள். அடுத்த வருடம் சலவைப் பகுதி வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆட்டக்காரியானாள். அம்பு செய்கிற கம்பெனி ஒன்று அவளுடைய செலவை ஏற்று அனுசரணை கொடுத்தது. அதன் மனேஜர் கொலின் பார், சேலைக் கரை மாதிரி டிசைன் போட்ட சட்டையும் "ஸ்பைஸ் குயின்" என்கிற பட்டப்பெயரும் கொண்டுவந்தான். அவள் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கறுப்புச் சட்டையில் தன்னுடைய முழுப்பெயரும் வேண்டும் என்றாள். பெயர் நீளம், ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை போகும் என்றான் கொலின்.

"போகட்டும். தோள் எனக்கு இருக்கிறதே," என்றாள்.

அக்கா நிர்மலாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. "பியர் நாத்தத்துக்குள்ள போய் நிண்டு எறியிறாய். கோயில்ல ஆக்கள் என்னட்டைக் கேக்கினம்," என்பாள்.

"கேட்டால் இங்கிலாந்தில நாலாவது இடம் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்பாள் சந்திரவதனா. அது உண்மையும்கூட. அந்த வருடம் அவள் நாட்டின் பெண் ஆட்டக்காரர்களில் நான்காவதாக இருந்தாள்.

முப்பத்தெட்டு வயதில் அவளுடைய வலது கை நின்றது.

அரையிறுதி ஆட்டம். லண்டனின் கிழக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் இரண்டாயிரம் பேர் நீண்ட மேசைகளில் இருந்து குடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார்கள். நான்கு கேமராக்கள். முப்பத்திரண்டு மிச்சம், இரட்டைப் பதினாறில் ஓர் அம்பு விழுந்தால் இறுதி ஆட்டம். எத்தனையோ ஆயிரம் தடவை எறிந்த அம்பு. கையை உயர்த்தினாள், முன்னே தள்ளினாள். விரல்கள் திறக்கவில்லை.

ஏதோ பிசகு என்று நினைத்து மறுபடி உயர்த்தினாள். மறுபடியும் கை முன்னே போனது, அம்பு விரலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. முன்வரிசையில் யாரோ ஒருவன் எண்ணத் தொடங்கினான். நான்காவதுக்கு மேசை முழுக்க எண்ணியது. ஏழாவதுக்கு மண்டபமே எண்ணியது. எட்டாவது தடவை அம்பு அவள் காலடியில் விழுந்தது. மிச்சம் இரண்டையும் தோளிலிருந்து வீசுகிற மாதிரி வீசினாள். ஒன்று பலகையின் கீழ் விளிம்பில் பட்டது. எதிரே நின்ற லீட்ஸ்காரப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வந்து தன் ஆட்டத்தை முடித்தாள். கைகொடுக்கும்போது, "மன்னித்துக்கொள்," என்றாள்.

மறுநாள் காலைக்குள் அந்த வீடியோவை உலகம் பார்த்துவிட்டது. அதற்குப் பாட்டுப் போட்டார்கள். குழந்தைகள் பள்ளிக்கூட வாசலில் கையை முன்னே நீட்டி உறைந்து நிற்கிற ஒரு விளையாட்டே உருவானது. எட்மண்டனில் இருக்கிற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ரதீசனுக்கே அதை அனுப்பியிருந்தார், இது உங்கட மிஸிஸ்தானே என்று கேட்டு. ரதீசன் அவருடைய இலக்கத்தை அழித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அவள் அடுத்து நான்கு போட்டிகளில் விளையாடிப் பார்த்தாள். நான்கிலும் கை நின்றது. கொலின் நேரே வந்து எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வருட முடிவில் தொழில்முறைச் சுற்றில் அவளுக்கு இருந்த இடமும் போனது.

நரம்பு மருத்துவர் நவநீத் மதுரைக்காரர். அவள் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினார். கையை மடக்கச் சொன்னார், பேனாவால் எழுதச் சொன்னார், ஒரு கோப்பைத் தண்ணீரைத் தூக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பேனாவை அம்பு மாதிரிப் பிடித்துக் கதவை நோக்கி எறியச் சொன்னார். கை முன்னே போய் நின்றது. அவள் நெற்றியில் வியர்த்தது.

"இது பயம் மட்டும் இல்லைங்க," என்றார் அவர். "ஒரே அசைவை லட்சக்கணக்கான தடவை செய்றவங்களுக்கு வரும். வயலின் வாசிக்கிறவங்களுக்குக்கூட வரும். மூளையில அந்த அசைவுக்கான பாதை குழம்பிப்போகுது."

"சுகப்படுமோ?"

"சிலருக்குச் சரியாகுது. நிறையப் பேருக்கு ஆகறதில்ல. பொய் சொல்ல விரும்பல."

அவள் தன் கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். "இடது கையிலயும் இது இருக்குதோ?"

"இப்போ இல்ல. பின்னாடி வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப இடது கையால எறியலாம்."

"நான் அப்படிச் சொல்லலையே," என்றார் டாக்டர்.

"ஓம், நீங்கள் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்.

அவள் பிறப்பிலேயே இடக்கைக்காரி, அம்மாதான் அடித்து மாற்றினாள் என்றால் கதை சுலபமாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. இடது கையால் ஒரு பொத்தான்கூடப் பூட்டத் தெரியாதவள் அவள். முதல் வாரம் எறிந்ததில் பாதி சுவரில் போனது. ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பட்டுத் திரும்பி வந்தது. ஒன்று மூலையில் இருந்த அரிசிப் பையில் குத்தி, அவள் கவனிப்பதற்குள் ஒரு சுண்டளவு அரிசி தரையில் கொட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்க முடியாமல் மேலே வந்தார். ரதீசன் பழைய கம்பளம் ஒன்றை வெட்டிச் சுவரில் ஒட்டினான்.

பல் துலக்குவது, கறி கிளறுவது, சாவி திருப்புவது எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினாள். அக்கா வந்திருந்த ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தன்னை அறியாமல் இடது கையால் நீட்டிவிட்டாள். நிர்மலா வாங்கவில்லை.

"அம்மா இருந்திருந்தா இந்தக் கையில அடிச்சிருப்பா," என்றாள். பிறகு குரல் தணிந்தது. "பிள்ளை, காணும் விடு. எவ்வளவு உயரத்துக்குப் போனாய். அதோட நிப்பாட்டினா ஆக்கள் அதைத்தான் நினைப்பினம்."

"அக்கா, அந்த வீடியோவை நீங்கள் பாத்தனீங்களோ?"

நிர்மலா கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அதைத்தான் நினைப்பினம்," என்றாள் சந்திரவதனா. கோப்பையை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள்.

ஒன்பது மாதம் கழித்து மொரீனிடம் போனாள். மொரீனுக்கு இப்போது அறுபத்தொரு வயது, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தாள். ஆனால் அணி அப்படியே இருந்தது, உள்ளூர்ப் பப் போட்டிகளின் மூன்றாம் பிரிவில் கடைசிக்கு முந்திய இடத்தில்.

"இங்கிலாந்துக்கு விளையாடியவளை நான் மூன்றாம் பிரிவில் எங்கே போடுவது?" என்று கேட்டாள் மொரீன்.

"நாலாவது ஆளாக," என்றாள் சந்திரவதனா.

முதல் பதினொரு வாரமும் தோற்றாள். தெரிந்த முகம் என்பதால் மற்றப் பப்களில் ஆட்கள் அவளைப் பார்க்கவென்றே வந்தார்கள். ஒரு வாரம் வேறொரு பப்பில், அவள் கோட்டில் நிற்கும்போது பின்னால் இருந்த ஒருவன் கையை நீட்டி உறைந்து நின்று காட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"முழங்கை இன்னும் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். செய்வதென்றால் ஒழுங்காகச் செய்," என்றாள்.

அவன் கையை இறக்கினான். அன்றும் அவள் தோற்றாள். பன்னிரண்டாவது வாரம் ஒரு தபால்காரியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றபோது மொரீன் மேசையைத் தட்டினாள். வீட்டுக்கு நடந்து வரும்போது சந்திரவதனாவுக்குக் காலில் செருப்பு இருப்பதே தெரியவில்லை. இங்கிலாந்துச் சட்டை போட்ட நாளில்கூட அப்படி இருக்கவில்லை என்று ரதீசனிடம் சொன்னாள்.

அந்தக் கோடையில் கொலின் பார் தொலைபேசியில் அழைத்தான். மோர்டன் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கபேயில் சந்தித்தார்கள். அவன் இப்போது வேறு கம்பெனியில் இருந்தான். பந்தயம் நடத்துகிற நிறுவனம் ஒன்று விளம்பரம் எடுக்கப்போவதாகச் சொன்னான். சூதாட்டத்தை எப்போது நிறுத்துவது என்று மக்களுக்குப் புத்தி சொல்கிற விளம்பரம். அவள் கோட்டில் நின்று கையை உயர்த்தவேண்டும், அம்பை விடாமல் அப்படியே நிற்கவேண்டும். கீழே எழுத்து வரும்: "நிறுத்தவேண்டிய நேரம் தெரிந்தவர்களே கெட்டிக்காரர்கள்."

"ஒரே நாள் படப்பிடிப்பு," என்றான் கொலின். "நல்ல பணம். ஒரு வருடம் முழுக்க விளையாடினாலும் உனக்கு இவ்வளவு வராது."

அவள் தேநீரைக் கலக்கினாள்.

"வதனா, நான் நண்பனாகச் சொல்கிறேன். மக்களுக்கு உன்னைப் பற்றி ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்து ஏதாவது சம்பாதித்துக்கொள்ளேன்."

"என் கை நின்றது," என்றாள் சந்திரவதனா. "நான் நிற்கவில்லை. நிற்காத ஆளை வைத்து எப்படி அந்த விளம்பரத்தை எடுப்பாய்?"

"மூன்றாம் பிரிவில் விளையாடுகிறாய் என்று கேள்விப்பட்டேன்."

"இரண்டாம் பிரிவு. வரிசையாக வென்று போன மாதம் ஏறிவிட்டோம்."

தன் தேநீருக்கு மட்டும் காசை வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து ரதீசனிடம் சொன்னபோது அவன் பஸ் ஓட்டுகிற சீருடையோடு சோபாவில் கிடந்தான். வாடகை, காருக்கு வரப்போகிற செலவு, அவளுக்கு வருமானம் இல்லாத இரண்டு வருடம், இவற்றையெல்லாம் அவன் நினைத்திருக்கவேண்டும். எழுந்து உட்கார்ந்தான்.

"ஓம் எண்டு சொல்லியிருந்தா நான் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன்," என்றான். "ஆனா அந்த விளம்பரத்தை என்ர பஸ்ஸின்ர பக்கத்தில ஒட்டியிருப்பாங்கள். நாள் முழுக்க அதைக் கொண்டு திரியிறதெண்டா எனக்கு ஏலாது."

அவள் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

அடுத்த ஜனவரியில் தொழில்முறைச் சுற்றுக்குத் திரும்புவதற்கான தகுதிப் போட்டி பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. நூற்றிருபது பெண்கள், இரண்டு இடம். வரிசையாகப் பலகைகள், பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் தேநீர் இயந்திரம். மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. பெயர் பதிகிற மேசையில் இருந்தவள் அவளைக் கண்டதும், "பார்வையாளர்கள் மற்ற வாசலால் போகவேண்டும்," என்றாள்.

"நான் விளையாட வந்தேன்," என்றாள் சந்திரவதனா. "பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள், இடது கை என்று."

அந்த இரண்டு நாளில் ஐந்து பேரை வென்றாள். இடத்தை முடிவுசெய்கிற கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தவள் எம்மா ஹோல்ட், இருபத்திரண்டு வயது, அந்த வருடம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த பெண். வேகமாக எறிவாள், வேகமாக நடப்பாள். ஒவ்வொரு சுற்றாக இருவரும் மாறி மாறி வென்று ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. மற்றப் பலகைகளில் ஆட்டம் முடிந்துவிட, தோற்றவர்கள் எல்லோரும் வந்து பின்னால் கூடினார்கள். ரதீசன் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கடைசி வரிசையில் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசிச் சுற்றில் எம்மாவுக்கு இருபத்துநான்கு மிச்சம். சந்திரவதனாவுக்கு ஐம்பத்தாறு. அவளுடைய முறை. இப்போது முடிக்காவிட்டால் எம்மா முடித்துவிடுவாள். முதல் அம்பு பதினாறில் சரியாக விழுந்தது. நாற்பது மிச்சம், உச்சியில் இருக்கிற இரட்டை இருபது.

இரண்டாவது அம்பை உயர்த்தினாள். இடது கை முன்னே போனது. நின்றது.

அவள் கையை இறக்கிக் கோட்டிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள். மறுபடி முன்னே வந்து உயர்த்தினாள். மறுபடியும் விரல் திறக்கவில்லை. பின்னால் துணிகள் உரசுகிற சத்தம் கேட்டது. என்னவென்று திரும்பிப் பார்த்தாள். பத்துப் பதினைந்து பேர் கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

பயம் அந்த நொடியில் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே கோபம் வந்து ஏறியது. போனைத் தூக்காமல் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக அவள் காத்திருந்தாள். அவளும் தூக்கி முடித்தாள்.

"எடுங்கோ," என்றாள் சந்திரவதனா தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. "வடிவா எடுங்கோ."

திரும்பினாள். எறிந்தாள். அம்பு கையை விட்டுப் போனது. வளையத்தின் கம்பிக்கு வெளியே ஒரு மயிரிழையில் விழுந்தது. தவறிய அம்புதான். ஆனாலும் போனது. மூன்றாவதை யோசிக்க அவள் தனக்கு நேரம் கொடுக்கவில்லை. அது இரட்டை இருபதின் நடுவில் போய் நின்றது.

நடுவர் முடிவைச் சொல்லும்வரை அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்மா வந்து கைகொடுத்தாள். கண் சிவந்திருந்தது. "என்ன சொன்னீர்கள், அவர்களிடம்?" என்று கேட்டாள். சந்திரவதனா மொழிபெயர்த்துச் சொன்னாள். எம்மா அழுகையோடு சிரித்தாள். ரதீசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். அவளுடைய இடது கையை எடுத்து மணிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மார்ச்சில் முதல் பெரிய போட்டி. மத்தியான ஆட்டம், பாதி மண்டபம் காலி. முதல் சுற்றிலேயே நான்குக்கு இரண்டு என்று தோற்றாள். கை இரண்டு தடவை தயங்கியது, நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் தொலைக்காட்சியிலிருந்து வந்த ஓர் இளைஞன் மைக்கை நீட்டினான். நாற்பத்தொரு வயது, இரண்டு கையிலும் இதே தொல்லை, இனி என்ன திட்டம், ஓய்வு பெறுவதைப் பற்றி யோசித்ததுண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

"அடுத்த வாரம் விகனில் போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன்," என்றாள்.

"அதற்குப் பிறகு?"

"அதற்கு அடுத்த வாரம் மறுபடி விகன்."

அவள் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை. அம்புகளை உறையில் போட்டுக்கொண்டு, பயிற்சிப் பலகைகள் இருந்த அறை எந்தப் பக்கம் என்று அவனிடமே கேட்டாள். இரட்டை இருபதுக்கு அன்று எறிந்த ஒன்பதில் ஏழு இடது பக்கமாகவே விலகியிருந்தன. ஏன் என்று பார்க்கவேண்டும். அறையில் ஒரு பலகைதான் வெறுமையாக இருந்தது. பையைக் கதிரையில் வைத்துவிட்டு அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.